கச்சான் பிறக்கும் கணவாய்

மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவர்களிடம் கச்சான் காற்றைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனி பிறந்து ஆடி முதிரும் வரையில், காலை பத்து மணிவாக்கில் மேற்கிலிருந்து மெல்லக் கிளம்பி, உச்சிப்பொழுதில் தென்னோலைகளையெல்லாம் கடலை நோக்கி வாரிச் சீவி, முற்றத்து மணலைத் திண்ணையில் கொண்டுவந்து குவித்து, கொடியில் காயப்போட்ட சாறனை ஒரு நாழிகைக்குள் மொரமொரப்பாக்கி, உதட்டையும் குதிகாலையும் வெடிக்கச் செய்யும் அந்த உஷ்ணக் காற்றுக்கு அஞ்சி மத்தியான வேளையில் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். “கச்சான் கிளம்பிற்று, வெளியில போகாத மனே” என்று சொல்லி, என் அம்மம்மா உதட்டில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவிவிடுவார். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமாகக் கையை நீட்டி, “மலையில இருந்து” என்பார். எங்கள் கண்ணுக்கு எந்த மலையும் தெரிந்ததில்லை. வாவியும், அதற்கப்பால் வயலும், வயலுக்கப்பால் வெண்மையாய் மினுங்கும் வெக்கையுமே தெரிந்தன.

கொழும்பிலும் இரத்தினபுரியிலும் பெருமழை கொட்டுகின்ற அதே மாதங்களில் எங்கள் கிணறுகள் வற்றுவது ஏன் என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் காரணம் சொல்லித் தந்தார்கள். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்துவரும் ஈரத்தோடு மத்திய மலைநாட்டில் முட்டி மேலேறுகிறது; ஏறும்போது குளிர்ந்து, மேகமாகி, சுமையை மேற்குச் சரிவிலேயே இறக்கிவைத்துவிடுகிறது; பிறகு வெறுங்கையோடு கிழக்கே இறங்குகிறது. மேகம் கோத்து ஏறும் காற்று ஒரு கிலோமீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 6 பாகை குளிர்கிறதென்றால், ஈரம் இழந்து இறங்கும் காற்று அதே உயரத்துக்கு 10 பாகை சூடேறுகிறது. ஏறியபோது இழந்த சூட்டைவிட இறங்கும்போது பெறுவது அதிகமாகையால், மழையைப் பெய்து முடித்த காற்றே எங்களிடம் அனலாக வந்து சேர்கிறது. இவ்வளவும் கரும்பலகையில் நான்கு அம்புக்குறிகளாக என் மனத்தில் பதிந்திருந்தன. ஆனால் அம்மம்மா கைநீட்டிக் காட்டிய அந்த மலையை, காற்று தன் ஸ்வபாவத்தை மாற்றிக்கொள்ளும் அந்த இடத்தை, என் தேகத்தால் அறிந்துகொண்டது சென்ற ஆடி மாதத்தில், மாத்தளையிலிருந்து தும்பர மலைத்தொடரைக் குறுக்கே கடந்து வில்கமுவவுக்குத் துவிச்சக்கர வண்டியில் போன ஒரு பகற்பொழுதில்தான்.

துவிச்சக்கர வண்டி என்ற சொல் இப்போது அரசாங்கப் படிவங்களில் மாத்திரமே உயிரோடிருக்கிறது. வீட்டிலும் வீதியிலும் சைக்கிள்தான். ஆயினும் இத்தகைய பிரயாணத்தைப் பற்றி எழுதும்போது அந்தப் பழஞ்சொல்லின் கம்பீரம் எனக்கு வேண்டியிருக்கிறது. கால்நடையாகப் போகிறவன் தும்பரவின் மேற்குச் சரிவில் விடிந்து கிழக்குச் சரிவில் பொழுதடையும்படி ஒரே நாளில் மலையைக் கடந்துவிட முடியாது. அவனுக்கு ஈரநாடு நேற்றைய ஞாபகமாகிவிட்ட பிறகுதான் வரள்நாடு எதிர்ப்படும். மோட்டார் வாகனத்தில் போகிறவனோ, கண்ணாடியை உயர்த்திவிட்டு, குளிரும் வெக்கையும் ஒன்றேயாகிவிட்ட ஒரு பெட்டிக்குள் அமர்ந்து, இரண்டையும் படமாகப் பார்த்துக்கொண்டே கடந்துபோகிறான். காலையில் நனைந்த அதே சட்டை மாலையில் முதுகில் உப்புப் பூத்துக் காய்ந்துபோகும் வேகம் சைக்கிளின் வேகம் ஒன்றே.

மாத்தளையில் நான் புறப்பட்டது விடிவதற்கு முன்னர். முத்துமாரியம்மன் கோயில் வாசலில் வண்டியைச் சாத்திவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன். 1874இல் எழுந்த கோயில் அது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே தென்னிந்தியாவிலிருந்து வந்த எம்மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று காட்டுவழியே நடந்து, காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியெங்கும் தம்மவர்களைப் பறிகொடுத்து, உயிரோடு மிஞ்சியவர்கள் முதலில் மூச்சுவிட்ட ஊர் இந்த மாத்தளை. அந்த நடையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்டவர்கள், ஆகஸ்ட் 12ஆம் திகதி இங்கேதான் வந்து சேர்ந்தார்கள். பாதை என்ற ஒன்றைப் பற்றி மாத்தளையில் நின்று யோசிக்கிறவன் இதை மறந்துவிட்டு யோசிக்க முடியாது.

பாதைக்கும் இந்த மலைநாட்டுக்கும் உள்ள உறவே துயரம் கலந்தது. கண்டி அரசர்களுக்குக் காடும் மலையுமே கோட்டை. 1660 தொடக்கம் பத்தொன்பது வருஷங்கள் அங்கே சிறைப்பட்டிருந்த றொபர்ட் நொக்ஸ், அரசன் வழிகளை வேண்டுமென்றே ஒடுக்கமாகவே வைத்திருந்ததையும், கணவாய்களில் முட்கதவுகள் தொங்கியதையும் எழுதியிருக்கிறார். பின்னர் வந்த ஆங்கிலேயருக்குப் பாதையே ஆயுதமாயிற்று. கோப்பி கீழே இறங்கவும் படை மேலே ஏறவும் வீதி வேண்டும். 1848இல், ஒவ்வோர் ஆண்மகனும் வருஷத்துக்கு ஆறு நாள் வீதிவேலை செய்ய வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, வேறு பல புது வரிகளோடு அதுவும் சேர்ந்து மூட்டிய கலகம் இதே மாத்தளையில் வெடித்தது. அதன் தலைவர்களில் ஒருவனான வீர புரன் அப்புவை அந்த வருஷம் ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக்கொன்றார்கள். சிங்களக் குடியானவன் வெட்ட மறுத்த பாதைகளை வெட்டுவதற்குத் தமிழ்க் கூலி வந்தான் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது சரித்திரத்துக்குப் போதாது; ஆனாலும் இந்த மலைநாட்டின் தோட்டப் பாதைகளில் அந்த மக்களின் மண்வெட்டி படாத வளைவு அபூர்வம். வண்டியில் ஏறி உட்கார்ந்து மிதிக்கும்போது, சக்கரத்தின் அடியில் கிடப்பது எவருடைய முதுகென்று ஒருகணம் எண்ணிவிட்டே நான் மிதிக்கத் தொடங்குவது வழக்கம்.

இரத்தோட்டை வரையில் ஏற்றம் சாதுவானது. மிளகுக்கொடி சுற்றிய மரங்களும், சாதிக்காயும், கராம்பும், இடையிடையே கொக்கோவும் மாத்தளைக்கே உரிய வாசனையை வீதியில் இறக்கிவிட்டிருக்கும். இரத்தோட்டையைத் தாண்டியதும் பாதை தன் சுபாவத்தைக் காட்டுகிறது. முன்பக்கச் சிறிய பல்சக்கரத்துக்கும் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்துக்கும் செயினை மாற்றிக்கொண்ட பிறகு, வண்டி நடக்கிறவனைவிடச் சற்றே விரைவாகத்தான் போகிறது. கரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் பைகளையும் சேர்த்து என் வண்டியும் நானும் ஏறக்குறைய 85 கிலோ. அந்தப் பாரத்தை 1000 மீற்றர் உயரம் தூக்குவதற்கு எட்டு லட்சத்து முப்பதாயிரம் யூல் சக்தி வேண்டும். தேகம் தான் எரிப்பதில் நாலில் ஒரு பங்கையே மிதிக்குத் தருமாகையால், எரிய வேண்டியது அதைப்போல் நான்கு மடங்கு. நான்கு கோப்பைச் சோறு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். கணக்கு இவ்வளவு சிறிதாக இருப்பது எனக்கு எப்போதுமே ஆச்சரியம். நான்கு கோப்பைச் சோற்றுக்கு ஒரு மலையைக் கொடுக்கிற வியாபாரி வேறெவன் இருக்கிறான்!

தேயிலைச் சரிவுகள் வந்தன. 1869இல் இலங்கையில் தென்பட்ட செந்தூள் நோய் கோப்பியை அழித்தபின் மலையெங்கும் வந்தமர்ந்த தேயிலை. மழை தூறத் தொடங்கியது. பெய்வதாகத் தெரியாமல் பெய்கிற, சட்டையில் முத்துமுத்தாக நின்று பின் ஊறுகிற மழை. ஒரு வளைவில், படங்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்துக்குப் போன பெண்கள் நால்வர் நின்று பார்த்தார்கள். மூத்தவர், “ஏன் தம்பி, எறங்கித் தள்ளிக்கிட்டுப் போகலாமே?” என்றார். “தள்ளினா இன்னும் பாரமா இருக்கும் அக்கா” என்றேன். அது உண்மை, சரிவில் பாரவண்டியைத் தள்ளுகிறவன் இடுப்பு வளைந்து அரைமணியில் ஓய்ந்துபோவான். அவர் அதை நம்பவில்லை. ஆனால் வளைவு மறையும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது திரும்பிப் பார்த்தபோது தெரிந்தது. முதுகில் கூடையோடு அன்றாடம் அவர் ஏறுகிற ஏற்றத்துக்கு முன்னால் என்னுடையது ஒருநாள் விருந்தாளியின் ஏற்றம். அந்த அக்கறைக்கு நான் பாத்திரமில்லை என்று பட்டது.

தேயிலை முடிந்து காடு சூழ்கிறது. மரங்களின் தண்டெங்கும் பாசி. பாசியின் நுனியெங்கும் நீர். நின்ற இடத்தில் கணுக்காலைப் பார்த்தால் அட்டை இரண்டு ஏறியிருக்கும். உப்பும் எலுமிச்சையும் கைவசம் வேண்டும். இந்த நிழலின் கீழ்த்தான் நெடுங்காலமாக ஏலம் பயிரிட்டார்கள். மேலே மரத்தை வெட்டாமல் கீழே செடிகொடிகளை மாத்திரம் துப்புரவாக்குவதால் காட்டுக்குக் கேடில்லை என்று தோன்றும். ஆனால் நாளைய மரம் இன்றைய கீழ்ச்செடியல்லவா? கன்றே இல்லாத காடு, கிழவர்கள் மட்டுமே குடியிருக்கும் ஊரைப் போல, பார்வைக்கு நிமிர்ந்து நின்றபடியே முடிந்துபோகும். நக்கிள்ஸ் என்றும் வழங்கும் இந்தத் தும்பர மலை வனம் காக்கப்பட்டு, 2010இல் சிவனொளிபாதமலை வனத்தோடும் ஹோட்டன் சமவெளியோடும் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது. இம்மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, மூக்கு நுனியில் இலைபோன்ற ஓர் உறுப்பைத் தாங்கிய ஓணான் ஒன்று இங்கே வாழ்கிறது. விரலளவுக் கிளையில் அது அசையாமல் ஒட்டியிருக்கும்போது, மூச்சுவாங்க நின்ற சைக்கிள்காரனுக்கு மாத்திரமே அது தென்படும் என்று நினைக்கிறேன்.

றிவர்ஸ்டன் கணவாய் நெருங்குவதை முதலில் காது அறிகிறது. காட்டுக்குள் இலைகளின் சலசலப்பாக இருந்தது, ஒரு வளைவில் நீர்வீழ்ச்சியின் இரைச்சல் போலாகி, அடுத்த வளைவில் முகத்தில் அறைகிறது. ஆடி மாதத்தில் அந்தக் கணவாயில் நிற்பது என்பது ஒரு பெருநதியின் நடுவே நிற்பது போன்றது. மேகம் முழுவேகத்தில் கிடையாக ஓடியது. பக்கத்து மரங்கள் எல்லாம் குட்டையாக, ஒரே திசைக்குத் தலைசாய்ந்து, பிறந்தநாள் முதலாகத் தாம் கேட்டுவந்த கட்டளைக்குப் பணிந்து நின்றன. வண்டியை நிறுத்திவைக்க முடியவில்லை. மதிலோடு சாத்தி, நானும் அதன்மேல் சாய்ந்துகொண்டேன். கண்ணெதிரே நிகழ்ந்துகொண்டிருந்த ஒன்றைப் புரிந்துகொள்ளச் சிறிது நேரம் பிடித்தது. மேற்கிலிருந்து திரள் திரளாக ஏறிவந்த மேகம், முகட்டைத் தாண்டிக் கிழக்கே நூறடி, இருநூறடி இறங்குவதற்குள் கிழிந்து, நூலாகி, நூலும் இல்லாமற் போயிற்று. அங்கே ஒரு வரம்பு இருந்தது. வரம்புக்கு இப்புறம் சாம்பல், அப்புறம் நீலம். ஓடிவந்த மேகங்கள் ஒன்றுகூட அந்த வரம்பைத் தாண்டவில்லை. காற்று மாத்திரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அம்மம்மா கைநீட்டிய இடம் இதுதான்.

நனைந்த விரல்களோடு நான் அங்கே எவ்வளவு நேரம் நின்றேனோ அறியேன். வெறும் புவியியல் உண்மை ஒன்று கண்ணை நிறைக்கும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. அம்மம்மா இருந்திருந்தால் வந்து சொல்லியிருப்பேன்.

இறக்கத்தைப் பற்றி மலைப்பாதை தெரியாதவர்கள் தப்பபிப்பிராயம் கொண்டிருக்கிறார்கள். ஏற்றம் கஷ்டம், இறக்கம் சுகம் என்பார்கள். ஏற்றத்தில் தவறினால் வண்டி நிற்கும். இறக்கத்தில் தவறினால் நிற்காது. பாரவண்டியின் பிறேக்கைத் தொடர்ந்து பிடித்தால் சில்லின் விளிம்பு கைவைக்க முடியாதபடி சுட்டு, ரியூப் வெடித்துவிடவும் கூடும். ஆகவே வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைவில் விட்டு, முன்னும் பின்னுமாக மாற்றிப் பிடித்து, அரைமணிக்கொரு முறை நின்று சில்லைத் தொட்டுப் பார்த்து இறங்க வேண்டும். பிட்டவல பத்தனையின் சாய்ந்த புல்வெளியில் அப்படி ஒருமுறை நின்றபோது, தோளில் ஒட்டியிருந்த சட்டை தானாகவே விலகுவதை உணர்ந்தேன். அடுத்து நின்ற இடத்தில் அது காய்ந்திருந்தது. காட்டின் நிறமும் கரும்பச்சையிலிருந்து மஞ்சள் கலந்த பச்சைக்கு இறங்கியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு நாடுகள்.

இலுக்கும்புரவில், தெல்கமு ஓயாவுக்குக் கிட்ட ஒரு தேநீர்க்கடை. பிளேன்டீயையும் உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியையும் தந்த முதியவர், நான் வந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, “மேலே மழையா, புத்தா?” என்று சிங்களத்தில் கேட்டார். ஆமென்றேன். “மழை அந்தப் பக்கத்தாருக்கு; காற்று எங்களுக்கு” என்றார், மனக்குறை எதுவும் இல்லாத குரலில். அதற்கப்பால் அந்தக் காற்று எங்கே போகிறது தெரியுமா என்று கேட்டேன். தெரியாதென்று தலையசைத்தார். எங்கள் ஊருக்கு என்றேன். என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்துபோய் இன்னொரு துண்டு கருப்பட்டி கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அங்கிருந்து லக்கலப் பள்ளத்தாக்கு. பழைய வழிக்குறிப்புகளில் பல்லேகம என்று இருக்கும் ஊரை இப்போது தேடக்கூடாது. களு கங்கைக்குக் குறுக்கே எழுந்த அணையின் நீர் அதை மூடிவிட்டது. 2018இல் நிறைந்த அந்த நீர்த்தேக்கத்தின் ஓரமாக, மேட்டில், எல்லாம் ஒரே வயதுள்ள கட்டடங்களோடு புதிய லக்கல நகரம் நிற்கிறது. தண்ணீர் அழகாகத்தான் இருக்கிறது. வரள்நாட்டு வயல்களுக்கு அது வேண்டியதுந்தான். வசபன் என்னும் அரசன் காலத்திலேயே, பக்கத்து அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்து வாய்க்கால் கொண்டுபோன தேசம் இது. ஆனாலும் நீருக்கடியில் ஒரு தெரு இருக்கிறதென்று அறிந்தவன் கரையோரமாய் மிதிக்கும்போது மணியடிக்க மனம் வருவதில்லை.

ஊர்பார்க்கவென்றே சைக்கிளில் வந்தவர்களின் நினைவு அப்போது எழுந்தது. 1897ஆம் வருஷ முடிவில் அமெரிக்கத் தம்பதியரான வேர்க்மன் இருவர் இலங்கைக்கு வந்து சைக்கிளில் இத்தீவைச் சுற்றி, பிறகு இந்தியா எங்கும் சுற்றி, 1904இல் அதை ஒரு புத்தகமாக்கினார்கள். கோயில்களையும் சிற்பங்களையும் அவர்கள் கண்ட ஆர்வம் உண்மையானது. நம்மவர்கள் சைக்கிளில் ஏறியது வேறு வகையில்: மீனுக்கும், பள்ளிக்கும், வேலைக்கும், தொண்ணூறுகளில் எரிபொருள் மறிக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில் நோயாளியையும் விறகையும் ஏற்றிக்கொண்டும். வாழ்க்கையை ஓட்டுவதற்கே சைக்கிள் பயன்பட்ட ஜனங்களுக்கு ஊர்பார்க்கச் சைக்கிளில் போவது ஓர் ஆடம்பரமாகத் தோன்றியதில் நியாயமுண்டு. ஆனால் காரணமில்லாமல் ஒரு பாதையில் போகும் உரிமை அந்நியருக்கு மட்டுமே உரியதாகிவிடக்கூடாது என்றும் நான் நினைக்கிறேன்.

மலை பின்னால் நீலச்சுவராக ஒதுங்க, ஹெட்டிப்பொல வந்தது. வில்கமுவப் பிரதேசத்தின் கடைத்தெரு அதுதான். இங்கே நிலம் தட்டையாகி, மினிப்பே இடதுகரை வாய்க்கால் நீரில் வயல் விளைகிறது. கிழக்கே மகாவலி, வடக்கே 1984இல் பிரகடனமான வஸ்கமுவ தேசிய வனம். வயலோரத்து மரங்களில் காவற்பரண்கள், வீதியோரம் மின்வேலி. யானைக்கு எலுமிச்சை வர்க்கத்தின் வாசனை பிடிக்காதென்று வீட்டைச் சுற்றித் தோடை நட்டு, அதன் பழத்தில் வருமானமும் தேடும்படி இங்குள்ளவர்களுக்கு இலங்கை வனஜீவராசிகள் பாதுகாப்புச் சங்கம் வழிகாட்டி வருகிறது. யானைகள் குறுக்கிடும் வழியில் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்துபோகாதிருக்க அந்தச் சங்கத்தாரே ஒரு பேருந்தும் ஓட்டினார்கள். நான் கடந்தபோது ஒரு வேலியோரத்தில் தோடங்கன்று ஒன்று, இடுப்பளவு, மூன்று காய்களோடு நின்றது. அந்த மூன்று காய்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நித்திரை கொள்கிறது என்ற நினைவு, அன்று கண்ட எந்தச் சிகரத்தையும்விட அதிகமாக என்னோடு தங்கிவிட்டது.

வாய்க்கால் மதகில் வண்டியைச் சாத்தி முகம் கழுவினேன். துடைப்பதற்குமுன் காய்ந்துவிட்டது. நாக்கால் உதட்டைத் தொட்டேன், வெடித்திருந்தது. காலையில் இரத்தோட்டைக்கு மேலே என் சட்டையை நனைத்த அதே காற்று, மலையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, என்னைத் தாண்டி, மகாவலியைத் தாண்டி, எங்கள் வாவிக்குப் போய்க்கொண்டிருந்தது.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து இளைஞர்களே, ஆடி மாதத்தில் ஒருமுறையாவது இந்தப் பாதையில் மிதித்து வாருங்கள். பிறேக் கட்டைகளைப் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். உப்பும், மாற்று ரியூப் இரண்டும், உதட்டுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தோட்டையைக் காலை ஆறு மணிக்குள் விட்டு, ஹெட்டிப்பொலையை மாலை நான்கு மணிக்குள் அடைந்துவிட வேண்டும். பொழுது சாய்ந்தபின் அங்குள்ள வீதியில் யானை இறங்கும்.